கணிப்பொறி வலைக் கல்வியும் செய்முறைப் பயிற்சியும்

ஒரு துறையின் பெயர்களைக் கற்பது வேறு. அத்துறையைக் கற்பது வேறு. கணிப்பொறி வலைகளைப் பற்றிய கல்வியில் இவ்வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. வலையமைப்பின் ஏழு அடுக்குகளையும் வரிசை பிறழாது ஒப்பிக்கும் மாணாக்கர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றிற்கு ஒரு வரியை அனுப்பிப் பெறும் சிறு நிரலை எழுதுமாறு பணிக்கப்பட்டால் திகைத்து நிற்பதுண்டு. இக்குறையை நீக்க வல்ல எளிய வழி ஒன்று உண்டு. அது சாக்கெட் நிரலாக்கத்தைத் தொடக்க நிலையிலேயே மாணாக்கரின் கையில் கொடுப்பதாகும்.

சாக்கெட் என்பது, ஒரு நிரல் வலையுடன் உரையாடுவதற்கென இயக்க அமைப்பு திறந்து கொடுக்கும் வாயிலாகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவாகி, 1983-ஆம் ஆண்டில் 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்புடன் வெளிவந்த இம்முறை, சிறு மாறுதல்களுடன் இன்றளவும் நிலைபெற்றுள்ளது. உலாவிகள், மின்னஞ்சல், வங்கிப் பரிமாற்றம் ஆகிய பெரும்பாலானவற்றின் அடியிலும் இதுவே இயங்குகிறது.

இதன் விதிகள் சிலவே. சேவை அளிக்கும் நிரல் ஒரு சாக்கெட்டைப் பெற்று, அதற்கு ஒரு துறை எண்ணைக் கட்டி, அழைப்புக்குக் காத்திருக்கிறது. அழைப்பு வந்ததும் அதனை ஏற்கிறது. ஏற்றவுடன் உரையாடலுக்கென வேறொரு புதிய சாக்கெட் பிறக்கிறது. பழையது அடுத்த அழைப்பை எதிர்நோக்கி நிற்கிறது. அலுவலக வாயிலில் இருப்பவர் வந்தவரை உள்ளே ஓர் அதிகாரியிடம் அனுப்பிவிட்டு, மீண்டும் வாயிலைக் கவனிப்பது போன்றதே இது.

ஆயினும், இப்பயிற்சியின் உண்மையான பயன் விதிகளை அறிவதில் இல்லை. பிழைகளைச் சந்திப்பதில் உள்ளது. டிசிபி முறை செய்திகளைச் செய்திகளாகக் கொண்டு செல்வதில்லை. பைட்டுகளின் தொடர்ந்த ஓட்டமாகவே கொண்டு செல்கிறது. குழாயின் ஒரு முனையில் இரண்டு குடம் நீர் ஊற்றப்பட்டால், மறுமுனையில் அது ஐந்து செம்புகளாகவும் பிடிக்கப்படலாம். ஒரே அண்டாவிலும் பிடிக்கப்படலாம். குடத்தின் எல்லை நீரில் தெரிவதில்லை. இதனை அறியாத மாணாக்கர், ஒரு முறை அனுப்பியது ஒரே முறையில் வந்து சேரும் என நம்பி நிரல் எழுதுகின்றனர். 127.0.0.1 என்னும் முகவரியில், ஒரே கணிப்பொறிக்குள், சிறு செய்திகளுடன் சோதிக்கும்போது அந்நிரல் பெரும்பாலும் பழுதின்றி நடக்கிறது. ஈதர்நெட் வலையிலோ ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட்டுகளுக்கு மேல் சுமப்பதில்லை. ஆதலால் பெரிய செய்தி துண்டு துண்டாக வருகிறது. நிரல் பாதியைப் படித்துவிட்டு முழுமையென மயங்குகிறது. செய்திக்கு முன் அதன் நீளத்தை எழுத வேண்டும், அல்லது முடிவில் ஒரு குறி இட வேண்டும் என்பதை அப்போது அவர்கள் தாமே உணர்கின்றனர். இவ்வாறு பெற்ற அறிவு மறப்பதற்கு அரிது.

எண்களின் பைட் வரிசையும் இத்தகையதே. வலையில் உயர்மதிப்புப் பைட் முதலில் செல்லும். இன்றைய கணிப்பொறிகளுள் மிகப் பலவற்றின் நினைவகத்தில் தாழ்மதிப்புப் பைட் முதலில் நிற்கும். வரிசையை மாற்ற மறந்தால், 8080 என்று கருதிய துறை எண் 36895 ஆகிவிடும்.

இவற்றினும் முக்கியமானது, மறுமுனை கூறுவதை ஆராயாமல் நம்பலாகாது என்னும் பாடம். 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறைபாடு இதற்குத் தக்க சான்று. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்பு நிரல் தொகுதி, எதிர்த்தரப்பு எழுதியனுப்பிய நீளத்தைச் சரிபாராமல் ஏற்றதனால், ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தின் உள்ளடக்கம் அயலார்க்குக் கிட்டும் வழி உண்டாயிற்று. நீளத்தைச் சரிபார்ப்பது சாக்கெட் பயிற்சியின் முதல் வாரத்திலேயே கற்க வேண்டிய பழக்கமாகும்.

ஆயத்த நிரல் தொகுதிகள் மலிந்துள்ள காலத்தில் இவ்வுழைப்பு எதற்கு என்பாரும் உளர். சி மொழியின் கடுமை தொடக்க மாணாக்கரை அஞ்சி விலகச் செய்யும் என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தொழிலில் ஆயத்தத் தொகுதிகளைப் பயன்படுத்துவதே முறை. ஆனால், அத்தொகுதி நள்ளிரவில் பழுதுற்று நிற்கும்போது, அதன் அடியில் நடப்பதை அறிந்தவரே அதனைச் சீர்செய்ய இயலும். மொழியின் கடுமைக்கும் மாற்று உண்டு. பைதான் மொழியிலும் இதே அழைப்புகள் இதே பெயர்களில் உள்ளன. அதில் தொடங்கிப் பின்னர் சி மொழிக்குச் செல்வதில் தவறில்லை.

இப்பயிற்சிக்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. லினக்ஸ் இயங்கும் பழைய கணிப்பொறிகள் இரண்டும் அவற்றை இணைக்கும் ஒரு கம்பியும் போதும். அனுப்பியதை அவ்வாறே திருப்பித் தரும் நிரலை முதலில் எழுதட்டும். பின்னர் இருவர் உரையாடும் நிரலையும், அதன்பின் பலர் ஒரே சமயத்தில் உரையாடும் நிரலையும் எழுதட்டும். வலையில் செல்லும் பொட்டலங்களை டிசிபிடம்ப் கருவியால் கண்ணாரக் காணட்டும். உரையாடலின் நடுவே கம்பியைப் பிடுங்கி, என்ன நேர்கிறது எனக் குறித்துக்கொள்ளட்டும். தேர்வு மதிப்பெண்ணில் கணிசமான பகுதி இச்செய்முறைக்கு ஒதுக்கப்படுவது அவசியம்.

1986-இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையைத் தொடங்கிற்று. 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கும் இணைய வாயில் திறந்தது. வலையைப் பயன்படுத்துவதில் இந்நாடு வெகுதூரம் வந்துவிட்டது. வலையை அமைக்கவும், பழுது பார்க்கவும், காக்கவும் வல்லாரைப் பெருக்குவது எஞ்சியுள்ள கடமை. அதற்குரிய முதற்படி, ஒவ்வொரு மாணாக்கரும் தம் கையாலேயே ஒரு சாக்கெட்டைத் திறந்து, மறுமுனையிலிருந்து வரும் விடையை ஒரு முறையேனும் கண்டறிவதே ஆகும்.