பச்சை மெத்தைக்குப் பால் கொடுப்பது யார்?



2017 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் இலங்கையில் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிகள் தடை செய்யப்பட்டன. பெற்றோலியத்திலிருந்து செய்யப்படும் அந்த நுரைப்பொருள் மண்ணில் உக்குவதில்லை. கான்களை அடைத்துக்கொண்டு கிடக்கும். பாடசாலையில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

அதற்கு மாற்றாக உக்கக்கூடிய நுரைப்பொருட்களை உலகமே தேடுகிறது. மாச்சத்திலிருந்து ஒரு வகை செய்கிறார்கள். இன்னொரு வகை நமது கையிலேயே இருக்கிறது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் வெட்டியெடுக்கும் ரப்பர் பால்தான் அது. உறையாமலிருக்க அமோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி, ஏறத்தாழ 60 சதவீதம் ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். அதில் கந்தகம் முதலியவற்றைக் கலந்து, நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றிச் சூடாக்கினால் மெத்தை, தலையணை.

கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய நுரை, பச்சை ரப்பர்போலச் சீக்கிரம் உக்காது. செயற்கைப் பால் கலந்தால் ‘இயற்கை’ என்ற பெயரும் பொருந்தாது. மலேசியா போன்ற நாடுகளில் நெல் உமித்தூளையும் தாவர நாரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். ரப்பருக்கு மதிப்புக் கூடினால் தோட்டம் நிலைக்கும்.

ஆனால் மதிப்புக் கூடும்போது செக்ரோலில் என்ன கூடுகிறது? மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பால் குறைந்தால் அரைப்பேர். பாலில் எவ்வளவு ரப்பர் என்று மெட்ரோலக் காட்டும் கணக்கை வெட்டியவர் பார்க்க முடியாவிட்டால், அவர் சொல்லும் நியாயம் எடுபடாது. அமோனியா நெடியில் நிற்பவருக்குக் கண்ணும் மூச்சும் எரிகின்றன.

‘பச்சை’ முத்திரை மரத்துக்கு மட்டும் உரியதல்ல. எஃப்.எஸ்.சி. சான்றிதழின் பத்துக் கோட்பாடுகளில் இரண்டாவது, தொழிலாளர் உரிமையையும் வேலை நிலைமையையும் பற்றியது. ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. தேயிலை மலையில் நிற்கும் தோழர்களுக்கும் இது பொருந்தும். தவளை முத்திரை குத்திய தேயிலைப் பெட்டிக்கும் தொழிலாளர் பற்றிய நிபந்தனைகள் உண்டு.

நமது கோரிக்கைகள் இவை:

1. பாலை நிறுப்பதும் ரப்பர் அளவு பார்ப்பதும் தொழிலாளர் முன்னிலையில் நடக்க வேண்டும். துண்டு கையில் தரப்பட வேண்டும்.

2. மரங்களுக்கு மழை மறைப்புக் கட்டி, மழைக்காலத்திலும் வேலை தர வேண்டும்.

3. அமோனியா கையாள்வோருக்குக் கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் வேண்டும்.

4. சான்றிதழ்ப் பரிசோதகர் வரும்போது தோட்டக் கமிட்டித் தலைவரையும் தொழிலாளரையும் தனியே சந்திக்க வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் சம்பளத் துண்டையும் நிறுவைத் துண்டையும் எடுத்து வாருங்கள். துண்டு தரப்படாவிட்டால் அதையும் வந்து சொல்லுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேச்சுவார்த்தைக்குப் போவோம்.