வகுப்புகள் கலந்தால் படிப்பு கெடுமா?

தொடக்கப் பள்ளி என்றால் ஐந்து வகுப்பு, ஐந்து அறை, ஐந்து ஆசிரியர். ஒவ்வோர் அறையிலும் ஒரே வயதுப் பிள்ளைகள், எல்லார் கையிலும் ஒரே பாடநூல், ஒரே நாளில் ஒரே பக்கம். நல்ல பள்ளிக்கு இதுதான் இலக்கணம் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஆசிரியர்களிலும் கல்வி அதிகாரிகளிலும் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஊர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார் என்று தெரிந்ததும், அடுத்த ஜூன் மாதம் பிள்ளையை வேனில் ஏற்றிப் பக்கத்து ஊர் நர்சரிப் பள்ளிக்கு அனுப்பிவிடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. வகுப்புகளைக் கலந்தால் படிப்பு வராது என்ற இந்த எண்ணம் தவறானது. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதிலிருந்து அது பிறக்கவில்லை. அதை நம்பியதால் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு நேர்ந்த கேடு பெரிது.

முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் அட்டவணையில் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆசிரியர் எண்ணிக்கையை வரையறுக்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121 முதல் 200 வரை 5. அதாவது 120 பிள்ளைகளைத் தாண்டினால்தான் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார். அதற்குக் கீழே உள்ள எந்தப் பள்ளியிலும் வகுப்புகள் கலந்தே தீரும். இது விதிவிலக்கு அல்ல, சட்டமே வகுத்த ஏற்பாடு. ஆனாலும் பாடநூல், பருவத் தேர்வு, பாடத்திட்டக் குறிப்பேடு, அதிகாரியின் பார்வைப் படிவம் எல்லாம் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பதாக எண்ணியே தயாராகின்றன. ஈராசிரியர் பள்ளியின் துன்பம் இந்த முரணில்தான் தொடங்குகிறது.

வயதுவாரி வகுப்பு தொன்றுதொட்டு வந்த முறையும் அல்ல. 1820களில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுக் கல்வி பற்றி விவரம் திரட்டியபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகப் பதிவாயிற்று. தமிழ்ப் பகுதியில் அவை திண்ணைப் பள்ளிகள். அங்கே ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தார்கள். ஒருவன் மணலில் அகரம் எழுதுவான், இன்னொருவன் எண்சுவடி ஒப்பிப்பான். அவரவர் முடித்த இடத்திலிருந்து அவரவர் பாடம் தொடர்ந்தது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். திண்ணைப் பள்ளியைப் போற்றிப் புகழ வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அதன் வாசல் பெரும்பாலும் மூடியே இருந்தது. பெண்பிள்ளைகள் அரிது, தண்டனைகள் கொடியவை. ஆனால் வேறுபட்ட வயதினரை ஒரே ஆசிரியர் கற்பிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

அந்தச் சான்றை ஐரோப்பா இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதைகள் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டன் எங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இன்றும் நடக்கிறது.

ஆண்டுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு பாடப்பகுதி என்ற கறாரான ஏற்பாடு பிரஷ்யாவிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் 19ஆம் நூற்றாண்டில் வேர்பிடித்தது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் அதை இறுக்கிப் பூட்டின. படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் ஆறு படிநிலைகள் வகுக்கப்பட்டன. ஆய்வாளர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் அதன் படிநிலையில் சோதிப்பார், தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்கு மானியம். அரசுப் பணம் வீணாகிறதா என்று அறிய எழுந்த ஏற்பாடு அது. பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ அர்னால்டே அதை எதிர்த்து எழுதினார். செலவுக் கணக்குக்காகப் போட்ட கோடுகளைக் குழந்தை மனத்தின் வளர்ச்சிக் கோடுகள் என்று பின்வந்த தலைமுறைகள் எடுத்துக்கொண்டன.

ஒரே வயது என்பதே தளர்வான கணக்கு. ஐந்து வயது நிறைந்ததும் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கும், ஆறை நெருங்கும்போது அதே வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் புத்தகம் பார்த்த பிள்ளை, பாராத பிள்ளை, அங்கன்வாடிக்கு ஒழுங்காகப் போன பிள்ளை, செங்கல் சூளைக்குப் பெற்றோருடன் ஆறு மாதம் போய்வரும் பிள்ளை எல்லாரும் அதே அறையில் இருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரே வகுப்பு, கற்ற நிலையில் மூன்று நான்கு வகுப்பு.

நான்காம் வகுப்பு ஒன்றில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் இது கண்ணுக்குத் தெரியும். சில பிள்ளைகள் 25 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். சிலர் கடன் வாங்கி எழுதிச் சரியாக முடிப்பார்கள். இன்னும் சிலர் 35 என்று எழுதுவார்கள். இவர்கள் கவனமில்லாத பிள்ளைகள் அல்லர்; 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டு, பிறகு 5இலிருந்து 2ஐக் கழித்து 3 போடுகிறார்கள். ஒன்றும் பத்தும் என்ற இடமதிப்பு இவர்கள் மனத்தில் இன்னும் பதியவில்லை. இடமதிப்பு இரண்டாம் வகுப்புப் பாடம். நான்காம் வகுப்பு ஆசிரியரோ வகுத்தலுக்குப் போயாக வேண்டும், பருவம் முடிகிறது. அவர் வகுத்தலை நடத்துகிறார். 35 எழுதிய பிள்ளை கரும்பலகையைப் பார்த்துப் பிழையின்றி எழுதிக்கொள்கிறது. நோட்டில் சிவப்பு மையில் சரிக்குறி விழுகிறது. தனி அறையும் தனி ஆசிரியரும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தரவில்லை. அதற்குத் தேவை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பத்து நாள் குச்சிக்கட்டும் மணியும் வைத்துப் பழகுவது. வகுப்புச் சுவர் அதைத்தான் தடுக்கிறது.

சுவரை எடுத்துவிட்டுப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டுக்கே உண்டு. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி பள்ளியின் கிராமக் கல்வி மையம், சுற்றுவட்டச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஓர் ஏற்பாட்டை உருவாக்கியது. பாடநூலைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, அட்டைகளை ஏணிப்படி வரிசையில் அடுக்கினார்கள். அதைப் பார்த்து, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முறைதான் செயல்வழிக் கற்றல். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். 2007–08இல் அது மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஒன்று முதல் நான்கு வரையுள்ள வகுப்புகள் கலந்து அமர்ந்தன.

அந்த அறையில் காலையில் நடந்தது இது. பிள்ளை சுவரில் உள்ள ஏணிப் படத்தில் தான் நேற்று நின்ற படியைக் கண்டுபிடிக்கும். அடுத்த படியின் சின்னத்தையும் எண்ணையும் பார்த்துத் தட்டிலிருந்து அதே அட்டையை எடுக்கும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதை அட்டையின் சின்னம் சொல்லும். புதிய கருத்து என்றால் ஆசிரியரோடு, பழக வேண்டியது என்றால் ஏற்கெனவே அதை முடித்த பிள்ளையோடு, பிறகு தானாக, கடைசியில் மதிப்பீடு. தேறாவிட்டால் குறைதீர் அட்டை, தேறினால் அடுத்த படி. பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கிக் கட்டிய கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இடம். இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட படியிலிருந்தே ஏறும். வயதுவாரி வகுப்பில் அந்தப் பிள்ளை இழந்த இரண்டு வாரம் இழந்ததுதான்.

இந்த முறைக்கு எதிராக எழுந்த குறைகளில் உண்மையும் இருந்தது. கிழிந்த அட்டைகளுக்கு மாற்று வரத் தாமதமாயிற்று. அட்டையைத் தள்ளுவதே கற்பித்தல் என்று சில இடங்களில் ஆகிப்போயிற்று. சுருக்கமான பயிற்சியோடு மாநிலம் முழுவதும் ஒரே வீச்சில் விரித்ததில் பலர் மனம் ஒட்டாமல் செய்தார்கள். ஆனால் பெற்றோர் சொன்ன முதல் குறை வேறு: பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், வகுப்பு எது என்று தெரியவில்லை, இது பள்ளிக்கூடம் மாதிரியே இல்லை. பிள்ளை வாசிக்கிறதா என்று பார்க்காமல் அமர்ந்திருக்கும் ஒழுங்கைப் பார்த்து எடுத்த முடிவு அது.

நாடு கடந்தும் சான்றுகள் உள்ளன. தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் 1970களின் நடுவில் விக்கி கோல்பெர்ட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் மலைச் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக ‘எஸ்குவேலா நுவேவா’ என்ற புதிய பள்ளி முறையை வகுத்தார்கள். ஓரிரு ஆசிரியர், கலந்த வகுப்பு, பிள்ளை தானே படித்து முன்னேறும் கற்றல் கையேடு, ஆண்டிறுதிக்குக் காத்திராத தேர்ச்சி என்பவை அதன் உறுப்புகள். 1980களில் அது அந்நாட்டின் கிராமக் கல்விக் கொள்கையாகவே ஆனது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். அவர் வகுத்த பள்ளியில் மூன்று ஆண்டு வயது இடைவெளிக்குள் உள்ள பிள்ளைகளைக் கலந்து அமர்த்துவதே அடிப்படை. அதே கலப்புக்கு நகரத்து மாண்டிசோரிப் பள்ளியில் பெரும் கட்டணம் கொடுக்கும் சமூகம், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் அதை இழிவாகக் கருதுகிறது.

ஆய்வுகளும் பொது நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை. கலப்பு வகுப்பையும் தனி வகுப்பையும் ஒப்பிட்ட பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர் சிமோன் வீன்மன் கண்ட முடிவு, இரண்டிற்கும் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது. அடுத்த ஆண்டே மேசன், பர்ன்ஸ் என்ற இருவர் அதை மறுத்து, கலப்பு வகுப்பில் சிறிய அளவில் இழப்பு உண்டு என்று வாதிட்டார்கள். அந்த மறுப்பை ஏற்றாலும் இழப்பு சிறிதே. படிப்பே வராது என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்திய திட்டத்தின் ஆய்வு 2007இல் வெளிவந்தது. பின்தங்கிய பிள்ளைகளை நாளில் இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து பிரித்து, அவர்கள் நிலைக்கேற்ப உள்ளூர் இளம்பெண் ஒருவர் கற்பித்தார். பிரிந்து போன பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். கூட்டம் குறைந்த வகுப்பிலேயே இருந்த பிள்ளைகளுக்குப் பெரிய ஆதாயம் எதுவும் தெரியவில்லை. ஆசிரியர் தலைக்குப் பிள்ளைகள் குறைவதால் மட்டும் படிப்பு உயராது, பாடம் பிள்ளையின் நிலையைத் தொட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டு அரசும் செயலளவில் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைப்படி பிரிக்கிறது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம்; அதற்கு அரும்புப் பாடமே உரியது. பெருந்தொற்றுக்குப் பின் வந்த அவசரத் தேவையாக இதை எண்ணக் கூடாது. தொடக்கப் பள்ளியின் நிலையான அமைப்பே இதுவாக வேண்டும்.

அதற்குப் பாடத்திட்டத்தைத் திருத்தி அடுக்க வேண்டும். மொழியும் கணக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பாடங்கள். இவற்றுக்கு வகுப்பை மறந்து நிலைவாரிக் குழுக்களே பொருந்தும். அறிவியலும் சமூக அறிவியலும் அப்படியல்ல. நீர், தாவரம், நம் ஊர், உடல் என்ற தலைப்புகளில் எது முன், எது பின் என்று கட்டாயம் இல்லை. ஆகவே நான்கு, ஐந்து வகுப்புகளைச் சேர்த்து இரண்டாண்டுச் சுழற்சியாக நடத்தலாம்: இந்த ஆண்டு இரு வகுப்புக்கும் ஒரு பாதித் தலைப்புகள், அடுத்த ஆண்டு மறு பாதி. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் எந்தப் பிள்ளையும் எதையும் இழக்காது. ஆசிரியருக்கோ ஒரு வேளையில் இரண்டு பாடத்துக்குப் பதில் ஒரே பாடம். பாட்டு, கதை, ஓவியம், விளையாட்டு ஆகியவற்றுக்குப் பள்ளி முழுவதும் ஒரே குழுவாகலாம். இன்று நடப்பது இதற்கு நேர்மாறு. நான்காம் வகுப்புப் பாடநூலும் ஐந்தாம் வகுப்புப் பாடநூலும் தனித்தனியே கையில் இருக்க, ஆசிரியர் ஒரு வகுப்புக்கு நடத்தும் இருபது நிமிடம் இன்னொரு வகுப்பு ‘பார்த்து எழுது’ என்று காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்பைத்தான் ஊரார் பார்க்கிறார்கள். கலப்பைக் குற்றம் சொல்கிறார்கள். குற்றம் கலந்த வகுப்புக்குக் கலவாத பாடநூலைக் கொடுத்தவர்களுடையது.

இந்த வாதத்தை ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கும் கருவியாக யாரும் எடுக்க இடமில்லை. கலந்த வகுப்பு நடத்துவது தனி வகுப்பு நடத்துவதைவிடக் கடினம். அதிகத் தயாரிப்பு வேண்டும். முதல் வகுப்பில் புதிதாக நுழைந்த பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஓராசிரியர் பள்ளி எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதல்ல. அந்த ஒருவர் கூட்டத்துக்குப் போனால் பள்ளியே இல்லை. எமிஸ் என்ற கல்வித் தகவல் தளப் பதிவேற்றமும் நலத்திட்டப் பட்டியல்களும் ஈராசிரியர் பள்ளியில் ஒருவரை நாளில் பெரும்பகுதி விழுங்கினால், மீந்த ஒருவரிடம் எந்த முறையும் வேலை செய்யாது. அந்தப் பணிகளுக்குக் குறுவள மைய அளவில் தனி ஆள் நியமிப்பது அரசின் கடமை.

சட்டம் 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்று எழுதி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அந்த இருவரும் ஐந்து வகுப்பை எப்படி நடத்த வேண்டும் என்பதைக் காட்டும் பாடநூலும், சுழற்சிப் பாடத்திட்டமும், ஆசிரியர் பயிற்சியில் அதற்குரிய முழுத் தாளும் பள்ளிக் கல்வித் துறை தர வேண்டியவை. பெற்றோர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இவற்றைக் கேட்க வேண்டும். வேனுக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டும்.