பீங்கான் காசும் துண்டுச் சீட்டும்

திண்டுக்கல்லில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பழைய காசு சேர்க்கிற கூட்டம். பூட்டுக் கடைக்காரர் ஒருவர், ரிட்டயரான தபால்காரர் ஒருவர், பேகம்பூர் தோல் வியாபாரி ஒருவர், கணக்கு வாத்தியார் நான். போன மாதம் புதிதாக வந்த ஒரு பையன் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். காவி கலந்த பழுப்பு நிறம். ஓட்டுச்சில்லு மாதிரி இருக்கிறது, ஆனால் ஓரம் அத்தனை நேர்த்தி. ஆண்டு 1921. ஜெர்மனியில் மைசன் ஆலையில் செய்த பீங்கான் காசு. "அடேயப்பா" என்றார்கள் எல்லோரும். நானும்தான் சொன்னேன். என்னிடமே அப்படி இரண்டு இருக்கின்றன.

அந்த "அடேயப்பா"வோடுதான் எனக்கு இப்போது சண்டை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மனியில் ஜனங்கள் வெள்ளிக் காசைப் பதுக்கினார்கள். பின்னால் செம்பும் நிக்கலும் போர்த் தளவாடம் செய்யப் போய்விட்டன. கடையில் ரொட்டி வாங்கினால் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. ஆகவே நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் தாங்களாகவே காசு போட ஆரம்பித்தன. காகிதத்தில், இரும்பில், துத்தநாகத்தில். இதற்கு நோட்கெல்ட் என்று பெயர், அதாவது அவசரப் பணம். போர் முடிந்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 1920, 1921 என்று ஆண்டு பொறித்து சாக்சனி அரசு மைசன் ஆலையில் 20 ஃபெனிக் முதல் 20 மார்க் வரை பீங்கானிலேயே காசு செய்ய வைத்தது. மற்ற ஊர்களும் தங்கள் பெயருக்குச் செய்துகொண்டன.

இதுவரைக்கும் வரலாறு. இனிமேல் வருவது வியாபாரம். இந்தக் காசுகளும் நோட்டுகளும் அழகாக இருந்ததால் சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஊர் நிர்வாகங்கள் சும்மா இருக்குமா? கலர் கலராக, தொடர் தொடராக, ஆல்பத்துக்கென்றே அச்சடித்தார்கள். பீங்கானில் பொன் விளிம்பு பூசியும் விற்றார்கள். பல காசுகள் ஒரு கடையின் கல்லாவையும் பார்த்ததில்லை. சேகரிப்பவன் நிஜப் பணம் கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான். திருப்பிக் கொடுத்து "என் பணத்தைக் கொடு" என்று கேட்க மாட்டான். சீட்டுக் கம்பெனி நடத்துகிறவனுக்குக்கூட இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். 1922 ஜூலையில் அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு இது போனது. அடுத்த வருஷம் மார்க்கே செல்லாக்காசாகி, அந்த ஆல்பங்கள் மட்டும் மிஞ்சின.

நான் சொல்ல வருவது இதுதான். அவசரக் காசு என்பது உண்மையில் காசே இல்லை, கடன் சீட்டு. "உனக்கு இவ்வளவு தரவேண்டும், இப்போது இல்லை, பிறகு தருகிறேன்" என்று ஒருவர் எழுதிக்கொடுத்தது. அதைக் கலைப்பொருளாக்கி அலமாரியில் வைக்கும்போது, கொடுக்கவேண்டியவன் தப்பிவிடுகிறான். வாங்கவேண்டியவன் யார் என்பதே மறந்துபோகிறது. நாம் செய்கிற சேவை அவ்வளவுதான்.

"ஜெர்மன்காரன் கடனுக்குத் திண்டுக்கல் வாத்தியாருக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். வந்தது. அதே 1921ஆம் ஆண்டுதான் இலங்கையில் இன்னொரு கடன் சீட்டைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதன் பெயர் துண்டு. நம்முடைய தமிழ்ச் சொல்லேதான். வெள்ளைக்காரன் ஆவணங்களிலும் அதையே ஆங்கில எழுத்தில் எழுதினார்கள்.

துண்டு எப்படி வேலை செய்தது என்றால், கங்காணி ஊருக்கு வந்து ஆள் பிடிப்பார். வழிச் செலவு, பழைய கடன் என்று முன்பணம் கொடுப்பார். அது கூலியாளின் தலையில் கடனாக ஏறும். தோட்டத்தை விட்டுப் போகவேண்டுமென்றால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இத்தனை ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். புதுத் துரை கூடுதலாகப் பணம் கொடுப்பார். அந்தக் கூடுதலும் ஆட்களின் கணக்கில்தான் ஏறும். சீட்டு கைமாறக் கைமாற, மனிதர்களும் கைமாறினார்கள். அப்படிப் போனவர்களில் மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமை ஆட்கள் ஏராளம். திண்டுக்கல்லும் 1985வரை மதுரை மாவட்டம்தானே.

எங்கள் சங்கத்தில் யாரிடமும் ஒரு துண்டு கிடையாது. ஒருவரும் தேடியதும் இல்லை. ஏன் தேடவில்லை? பொன் விளிம்பு இல்லை, அவ்வளவுதான்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டி வீட்டுக்கு வந்தார். தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பம். மஞ்சப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். 1942இல் இலங்கையில் போட்ட 5 சத நோட்டு. அதுவும் அவசரப் பணம்தான். நடுவில் தபால்தலை மாதிரி துளை போட்டிருக்கும், கிழித்தால் ஒரு பக்கம் 2 சதம், மறுபக்கம் 3 சதம். அவர் கொண்டுவந்தது கிழியாதது. எனக்குக் கை நடுங்கிற்று. நூறு ரூபாய் கொடுத்தேன். ரொம்ப சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

பிறகு நூல் கட்டிய ஒரு காகிதக் கற்றையை எடுத்தார். தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள். முழுநாள் வேலைக்குப் பேர், கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், அரிசிக்குப் பிடித்தம், முன்பணத்துக்குப் பிடித்தம்.

"இதுல எங்களுக்கு எதாச்சும் வரவேண்டியது இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார்.

"இதுக்கெல்லாம் மார்க்கெட் இல்லை பாட்டி" என்றேன்.

அவர் கேட்டது விலை இல்லை. பாக்கி. முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவனுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. அவர் கற்றையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நோட்டு என் ஆல்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சீட்டுகள் எந்த அடுப்பில் எரிந்தனவோ.

இதைப் போன ஞாயிறு சங்கத்தில் சொன்னேன். பூட்டுக் கடைக்காரர் விடவில்லை. "வாத்தியாரே, நாம சேக்கலேன்னா அந்த அஞ்சு சத நோட்டும் அடுப்புக்குத்தான் போயிருக்கும். அழகா இருக்கிறதாலதானே மனுசன் பத்திரப்படுத்துறான்? அதைப் போய்க் குத்தம்ங்கிறீங்களே!" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜெர்மன் சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சின்ன ஊரின் நோட்டு இன்று நம் கையில் கிடைக்காது. அதை மறுக்கவில்லை. ஆனால் அழகாக இருந்தது மட்டும்தான் மிஞ்சும் என்றால், வரலாறு கடன் வாங்கியவனின் கண்காட்சியாகத்தான் இருக்கும். எழுதிக்கொடுத்த துரைக்கு நல்ல காகிதம் இருந்தது, நல்ல கையெழுத்து இருந்தது. வாங்கிக்கொண்டவளிடம் இருந்தது ஒரு மஞ்சப்பை.

இது பழங்கதை மட்டும் இல்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் ஐம்பது ரூபாய் நீட்டினால், கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் மீதியை எழுதி வட்டம் போட்டுக் கொடுப்பார். இறங்குகிற அவசரத்தில் மறந்துபோனால் போனதுதான். கடையில் இரண்டு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் தருகிறார்கள். அந்த மிட்டாயைத் திருப்பிக் கொடுத்துச் சாமான் வாங்க முடியுமா? 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 10 ரூபாய் நாணயம் 14 வடிவத்திலும் செல்லும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் இங்கே பல கடைகளில் பூக்காரம்மா கொண்டுவரும் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார்கள். செல்லுகிற காசை ஏழையிடம் வாங்கமாட்டோம். செல்லாத மண் காசை இரண்டாயிரம் கொடுத்து வாங்குவோம். எங்கள் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் இரண்டு மைசன் காசுகளையும் அந்தப் பையனுக்கே கொடுத்துவிட்டேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன்: ஒவ்வொரு காசுக்கும் கீழே ஊர், ஆண்டு, உலோகம் என்று எழுதுகிற இடத்தில் இனிமேல் இன்னும் இரண்டு வரி எழுதவேண்டும். யார் யாருக்குத் தரவேண்டியது? தந்தார்களா? பெரும்பாலும் பதில் கிடைக்காது. கேள்வியாவது ஆல்பத்தில் இருக்கட்டும்.

நான் இப்போது மாதம் ஒருமுறை தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர்ப் பக்கம் போய்வருகிறேன். சிலோனிலிருந்து திரும்பியவர்கள் வீட்டில் சம்பளச் சீட்டு, பழைய கணக்குக் காகிதம் எதுவானாலும் படம் எடுத்துக்கொண்டு, காகிதத்தை அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன். இதுவரை பதினோரு வீடு. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஏதாவது இருக்கலாம். எடைக்குப் போடாதீர்கள். என்னைப் போன்றவன் வந்து விலை கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அதில் எழுதியிருக்கிற பெயரையும் தொகையையும் சத்தமாக ஒருமுறை படியுங்கள். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குக் கேட்கட்டும்.