நாலு பேர் என்ன சொல்வார்கள்? – பீட்டர்ஸ்பர்க் பள்ளம் தரும் பாடம்

மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

வரலாற்றுப் பாடம் என்றாலே யார் வென்றார், யார் தோற்றார், எந்த ஆண்டு என்று எழுதி மதிப்பெண் வாங்குவதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரையும் அப்படியே படித்துவிடலாம். 1861-இல் தொடங்கியது, 1865-இல் முடிந்தது, வடக்கு வென்றது, அடிமை முறை ஒழிந்தது என்று நான்கு வரிகளில் விடை முடிந்துவிடும். ஆனால் வென்ற பக்கத்தாரே படுதோல்வி அடைந்த ஒரு நாளும் அப்போரில் உண்டு. அது 1864 ஜூலை 30. அன்றைய தோல்விக்குக் காரணம் எதிரியின் பீரங்கிகள் மட்டுமல்ல, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற அச்சமும்தான் என்பது என் கருத்து. அதை எடுத்துக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வர்ஜீனியா மாநிலத்தில் பீட்டர்ஸ்பர்க் என்றொரு நகரம் இருக்கிறது. தென் மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 23 மைல் தொலைவில் உள்ளது. பல இரயில் பாதைகள் அங்கே வந்து கூடின. தலைநகருக்கும் தளபதி லீயின் படைக்கும் வேண்டிய உணவும் தளவாடங்களும் அவ்வழியாகத்தான் சென்றன. பீட்டர்ஸ்பர்க் விழுந்தால் ரிச்மண்டும் விழும். எனவே வடக்குப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட் 1864 ஜூன் மாதம் அந்நகரை முற்றுகையிட்டார். இரு தரப்பினரும் பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டு எதிரெதிரே அமர்ந்தனர். தலையை உயர்த்தினால் குண்டு பாயும் என்ற நிலையில் வாரங்கள் கழிந்தன.

எதிரியின் அரண் ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதற்கு எதிரே 48-ஆவது பென்சில்வேனியா படைப்பிரிவு நின்றது. அதில் இருந்தவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அதன் தலைவர் ஹென்றி பிளசண்ட்ஸ், போருக்கு முன் பொறியாளராக இருந்தவர். பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டி, அரணுக்குக் கீழே வெடிமருந்தை வைத்துத் தகர்த்துவிடலாம் என்று அவர் திட்டம் வகுத்தார். இராணுவப் பொறியாளர்கள் அதை நம்பவில்லை. அவ்வளவு நீளமான சுரங்கத்தினுள் மூச்சுவிடக் காற்று எப்படிக் கிடைக்கும் என்று கேட்டார்கள்.

அதற்கு பிளசண்ட்ஸ் கண்ட வழி நம் விஞ்ஞானப் பாடத்தை நினைவூட்டுகிறது. சுரங்கத்தின் ஒரு பக்கத்தில் மேல்நோக்கிப் புகைபோக்கி போன்ற ஒரு துளையை வெட்டி, அதன் அடியில் நெருப்பை எரிய வைத்தார். சூடான காற்று மேலே எழும்பி வெளியேறும். அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, வெளியிலிருந்து நல்ல காற்று ஒரு மரக்குழாய் வழியாகச் சுரங்கத்தின் கடைக்கோடி வரை ஓடி வரும். வாயில் பக்கத்துக் காற்று குறுக்கே புகாதபடி ஒரு கதவு அடைத்துக்கொண்டது. மேலிருந்து தகுந்த உதவி வரவில்லை. கையில் இருந்த மண்வெட்டிகளையும் கடப்பாரைகளையும் திருத்திக்கொண்டு, பிஸ்கட் பெட்டிகளில் மண்ணை அள்ளினார்கள். ஜூன் 25-ஆம் தேதி தொடங்கிய வேலை ஒரு மாதத்திற்குள் முடிந்தது. சுரங்கத்தின் நீளம் 511 அடி. அதன் முடிவில் இருபுறமும் கிளைகள் வெட்டி, 320 பீப்பாய்களில் 8,000 பவுண்டு வெடிமருந்தை அடுக்கினார்கள். முடியாது என்று சொன்னவர்களுக்கு அந்தத் தொழிலாளர்கள் வாயால் பதில் சொல்லவில்லை, வேலையால் சொன்னார்கள்.

வெடித்த பிறகு முதலில் பாய்ந்து செல்வது யார்? அப்பகுதிக்குப் பொறுப்பான தளபதி பர்ன்சைட், தம்மிடம் இருந்த நான்கு டிவிஷன்களில் கறுப்பின வீரர்கள் நிறைந்த டிவிஷனைத் தேர்ந்தெடுத்தார். மற்ற மூன்றும் இடைவிடாத சண்டையினால் களைத்துப் போயிருந்தன. கறுப்பின டிவிஷனில் ஏறக்குறைய 4,300 வீரர்கள் இருந்தனர். முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் அவர்களில் பலர். வெள்ளையர் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் சம்பளம் தரப்பட்டபோது, கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர் என்று சொல்லி, அதிலும் உடைக்காக 3 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். சமச் சம்பளத்திற்கான சட்டம் 1864 ஜூன் மாதத்தில்தான் வந்தது. அப்படியிருந்தும் அவர்கள் இந்தப் பணியை ஆவலோடு ஏற்றார்கள். வெடியினால் உண்டாகும் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது, அதன் இருபுறமும் சுற்றிச் சென்று எதிரியின் வரிசையைப் பிளக்க வேண்டும், பின்னால் இருக்கும் மேட்டைப் பிடிக்க வேண்டும் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட திட்டம். அதற்காகப் பயிற்சியும் எடுத்தார்கள்.

தாக்குதலுக்கு முந்தின நாள் எல்லாம் மாறியது. பர்ன்சைட்டுக்கு மேலதிகாரியான தளபதி மீட், கறுப்பின வீரர்கள் முதலில் செல்லக் கூடாது என்றார். அவர்கள் போர் அனுபவம் இல்லாதவர்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைக் கிராண்ட் பின்னர் காங்கிரஸ் விசாரணைக் குழுவின் முன் விளக்கினார். தாக்குதல் தோற்றுவிட்டால், இம்மக்களின் உயிர்மேல் அக்கறையில்லாததால்தான் அவர்களை முன்னே தள்ளிச் சாகவிட்டோம் என்று உலகம் பேசும் என்பதுதான் அக்காரணம். கிராண்டும் மீட் சொன்னதையே ஆமோதித்தார்.

அப்போது பர்ன்சைட் என்ன செய்தார்? மற்ற மூன்று டிவிஷன்களில் எது தகுதியானது என்று ஆராயவில்லை. மூன்று தளபதிகளையும் அழைத்துத் திருவுளச்சீட்டு எடுக்கச் சொன்னார்! எவரிடம் எந்தச் செயலை ஒப்படைப்பது என்பதற்கு வள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான உயிர்கள் சம்பந்தப்பட்ட செயலை இங்கே ஒரு துண்டுச் சீட்டு தீர்மானித்தது. சீட்டு லெட்லி என்பவருக்கு விழுந்தது. அவர் தம் வீரர்களுக்குத் திட்டத்தைச் சரிவர விளக்கவில்லை. தாக்குதல் நடந்தபோது களத்துக்கே வராமல், பின்னால் பாதுகாப்பான பதுங்கிடத்தில் மது அருந்திக்கொண்டிருந்தார்.

ஜூலை 30 விடியற்காலையில் திரிக்கு நெருப்பு வைத்தார்கள். நேரம் கடந்தும் வெடிக்கவில்லை. சார்ஜெண்ட் ஹாரி ரீஸ், லெப்டினன்ட் ஜேக்கப் டௌட்டி என்ற இருவர் சுரங்கத்தினுள் நுழைந்து, ஒட்டுப்போட்ட இடத்தில் அணைந்திருந்த திரியை மீண்டும் பற்றவைத்து வெளியேறினர். எந்த நொடியிலும் வெடிக்கக்கூடிய இருளுக்குள் அவர்கள் நடந்து சென்றதை எண்ணினால் மெய்சிலிர்க்கிறது. 4 மணி 44 நிமிடத்திற்குப் பூமி பிளந்தது. ஏறக்குறைய 170 அடி நீளமும் 30 அடி ஆழமும் கொண்ட பள்ளம் உண்டாயிற்று. உறக்கத்திலிருந்த தென் தரப்பு வீரர்கள் 270-க்கும் மேற்பட்டோர் அந்தக் கணத்திலேயே மாண்டனர். அவர்களுக்கும் வீட்டில் தாய்மார்கள் இருந்திருப்பார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

லெட்லியின் வீரர்கள் பள்ளத்தைச் சுற்றிச் செல்லவில்லை, அதற்குள்ளேயே இறங்கினார்கள். செங்குத்தான மண்சுவரில் ஏற முடியவில்லை. பின்னால் வந்த படைகளும் அவர்கள்மேல் வந்து குவிந்தன. அதற்குள் எதிரிகள் திகைப்பிலிருந்து மீண்டு, பள்ளத்தை நோக்கிச் சுடத் தொடங்கினர்.

இனிதான் நெஞ்சை உறுத்தும் செய்தி வருகிறது. எல்லாம் கைமீறிப்போன பிறகு, ஏறக்குறைய எட்டு மணிக்கு, அதே கறுப்பின டிவிஷன் களத்துக்கு அனுப்பப்பட்டது! வழி திறந்திருந்தபோது வேண்டாம் என்று நிறுத்தப்பட்டவர்கள், வழி அடைபட்ட பிறகு போங்கள் என்று தள்ளப்பட்டார்கள். அவர்களுடைய தளபதி ஃபெரேரோவும் உடன் செல்லவில்லை. லெட்லி இருந்த பதுங்கிடத்தில்தான் அவரும் இருந்தார். ஆயினும் அவ்வீரர்கள் தயங்காமல் முன்னேறினர். டெக்கேட்டர் டோர்சி என்ற கறுப்பினச் சார்ஜெண்ட், தம் படைக்கு முன்னால் ஓடிக் கொடியை எதிரியின் அரண்மேல் நாட்டினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பின்னர் அவருக்குக் கிடைத்தது. தளபதி மஹோனின் எதிர்த்தாக்குதலில் அவர்கள் பின்வாங்க நேர்ந்தது. ஆயுதத்தைக் கீழே போட்டுச் சரணடைந்த கறுப்பின வீரர்கள் பலரையும் எதிரிகள் இரக்கமின்றிக் கொன்றனர்.

அரசாங்கப் பதிவுகளின்படி அன்று வடக்குத் தரப்பில் இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் ஆகியோர் மொத்தம் 3,798 பேர். இறந்ததாகப் பதிவான 504 பேரில் 209 பேர் கறுப்பின வீரர்கள். அவர்களைச் சாகவிட்டோம் என்று உலகம் சொல்லும் என்று அஞ்சித்தானே அவர்களை நிறுத்தினார்கள்? கடைசியில் அவர்களே அதிகமாகச் செத்தார்கள். வெற்றிக்கான வாய்ப்பை மட்டும் இழந்தார்கள்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். மீட் தீய நோக்கத்தோடு செய்தார் என்று நான் கூறவில்லை. அனுபவமில்லாதவர்களை முன்னே அனுப்பத் தயங்குவது ஒரு தளபதிக்கு இயல்பே. ஆனால் அவர்களுக்கு அனுபவம் இல்லையென்றால், மற்றவர்களுக்கு இந்தத் திட்டமே தெரியாதே! பயிற்சி பெற்றவர்களை நிறுத்திவிட்டு, பயிற்சி பெறாதவர்களை அனுப்புவது எந்த வகையில் எச்சரிக்கை ஆகும்? கறுப்பின டிவிஷன் முன்னே சென்றிருந்தால் வெற்றி கிடைத்திருக்கும் என்று நம்புவதாகக் கிராண்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இந்தப் போரில் தாம் கண்டவற்றுள் மிகத் துயரமான நிகழ்ச்சி இதுவே என்றும் எழுதினார்.

அப்படிச் சென்றிருந்தாலும் தோற்றிருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் ஒருவர் உழைத்துத் தேர்ந்த வேலையை அவர் கையிலிருந்து பிடுங்குவதற்கு, தோல்வி வரலாம் என்பது போதிய காரணமாகாது. அக்கறை வேறு, பழிக்கு அஞ்சுதல் வேறு. அக்கறை உள்ளவர் ‘இவர்களுக்கு என்ன ஆகும்?’ என்று கேட்பார். பழிக்கு அஞ்சுபவர் ‘எனக்கு என்ன பெயர் வரும்?’ என்று கேட்பார். உண்மையான அக்கறை இருந்திருந்தால், காலை எட்டு மணிக்கு அவர்களை அந்தப் பள்ளத்தை நோக்கி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இந்தப் போர் நடந்தது நமக்கு வெகு தொலைவில். ஆனால் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற கேள்வியைக் கேளாத வீடு நம் ஊரில் உண்டா? அதை அதிகமாகக் கேட்டு வளர்பவர்கள் பெண்களாகிய நாமே. ஒரு பெண் நன்றாகப் படிக்கிறாள், வெளியூர்க் கல்லூரியில் இடமும் கிடைக்கிறது. ‘உன் நன்மைக்காகத்தான் சொல்கிறோம், ஏதாவது ஆகிவிட்டால் ஊர் எங்களைத்தானே ஏசும்?’ என்று அவளை நிறுத்திவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தில் கஷ்டம் வருகிறது. அப்போது அதே பெண்ணிடம் வந்து, ‘நீ வேலைக்குப் போய்க் காப்பாற்று’ என்கிறார்கள். தயாராக இருந்த நாளில் தடுத்துவிட்டு, வழி அடைபட்ட நாளில் தள்ளுகிறார்கள். இதுவும் ஒரு பீட்டர்ஸ்பர்க் பள்ளம்தான்.

பெற்றோர்களே, எங்கள்மேல் நீங்கள் வைத்திருக்கும் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. எங்களுக்கு ஆபத்து வரும் என்று அஞ்சினால் தாராளமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த அச்சம் எங்களைப் பற்றியதா, ஊர்ப் பேச்சைப் பற்றியதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்றுதான் பணிவோடு வேண்டுகிறேன்.

தோழியரே, நமக்கும் இதில் பாடம் உண்டு. நாளை நாமும் ஆசிரியர்களாக, அதிகாரிகளாக, தாய்மார்களாக ஆவோம். நம் கையிலும் பிறருக்கு வேலை கொடுக்கும் பொறுப்பு வரும். அன்று பர்ன்சைட்டைப் போல் சீட்டுக் குலுக்கி, பிலாத்துவைப் போல் கை கழுவிவிடக் கூடாது. உழைத்தவர் யார், தேர்ந்தவர் யார் என்று பார்த்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பின் லெட்லியைப் போல் பதுங்காமல் அவர்களோடு நிற்க வேண்டும்.

பீட்டர்ஸ்பர்க் முற்றுகை 1865 ஏப்ரல் வரை நீடித்தது. ஏப்ரல் 3-ஆம் தேதி ரிச்மண்ட் நகரம் வீழ்ந்தபோது, அதனுள் முதலில் நுழைந்த படைகளில் கறுப்பின வீரர்களும் இருந்தார்கள். அடிமைகளை வாங்கி விற்ற நகரத்தின் தெருக்களில் அவர்கள் சீருடை அணிந்து நடந்து சென்றார்கள். ஆறே நாட்களில் லீ சரணடைந்தார். அந்தப் பள்ளம் இன்றும் தேசியப் பூங்காவில் புல் மூடிக் கிடக்கிறது. வெடிமருந்து வெட்டிய பள்ளத்தைப் புல் மூடிவிடும். நம்பிக்கை வைக்கத் தவறியதால் உண்டாகும் பள்ளத்தை நாம்தான் மூட வேண்டும்.