கிணற்றுப் பதிவுகளைப் பூட்டி வைக்க வேண்டாம்

பூமிக்கடியில் எண்ணெயோ எரிவாயுவோ வெந்நீரோ தேடுகிறவர்கள் முதலில் எடுப்பது நில அதிர்வுப் படம். தரையில் அதிர்வை உண்டாக்கி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். வண்ணமயமான அந்தப் படத்தைப் பார்த்தால் நிலத்தையே குறுக்காக வெட்டிக் காட்டியதுபோல இருக்கும். ஆனால், அதன் செங்குத்து அளவு பெரும்பாலும் மீட்டரில் இருக்காது, விநாடியில் இருக்கும். ஓர் எதிரொலி திரும்பி வர இரண்டு விநாடி ஆகிறது என்று கொள்வோம். பாறையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 2,000 மீட்டர் என்றால் அந்த அடுக்கின் ஆழம் 2,000 மீட்டர்; வேகம் 3,000 மீட்டர் என்றால் ஆழமும் 3,000 மீட்டர். எது சரி என்பதைக் கிணற்றுக்குள் கருவியை இறக்கி அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த அளவீடுதான் கிணற்றுப் பதிவு. 1927 செப்டம்பர் 5 அன்று பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில், பெஷெல்பிரோன் எண்ணெய் வயலில் உலகின் முதல் மின்பதிவு எடுக்கப்பட்டது. ஷ்லம்பர்ஜே சகோதரர்களுக்காக ஹென்றி டால் குழுவினர் கருவியை மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி, மின்தடையை அளந்து, கையால் கோடு வரைந்தார்கள். இன்று ஏறத்தாழ 15 சென்டிமீட்டருக்கு ஓர் அளவு தானாகவே பதிவாகிறது.

இந்தக் கோடுகளில் எதையும் தனியாக நம்பக் கூடாது. பொட்டாசியமும் தோரியமும் மிகுந்த களிப்பாறையில் காமா கதிர் அளவு ஏறும். தூய மணற்கல்லில் இறங்கும். உப்புநீர் நிறைந்த மணற்கல்லில் மின்சாரம் எளிதாகப் பாயும். எண்ணெய் இருந்தால் மின்தடை ஏறும். ஆனால் நன்னீர் இருந்தாலும் ஏறும், நிலக்கரி இருந்தாலும் ஏறும். ஆகவே அடர்த்தி, நியூட்ரான், ஒலி வேகம் ஆகிய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். கிணற்றின் சுவர் சரிந்து அகன்ற இடத்தில் அடர்த்திக் கருவி பாறைக்குப் பதிலாகச் சேற்றை அளந்துவிடும் என்பதால் துளையின் விட்டத்தையும் பார்த்தாக வேண்டும்.

ஒலி வேகத்தையும் அடர்த்தியையும் பெருக்கினால், எந்த எல்லையில் எதிரொலி எவ்வளவு வலுவாக எழும் என்று கணக்கிடலாம். அப்படி உருவாக்கிய செயற்கை அதிர்வுக் கோட்டை உண்மையான படத்தோடு பொருத்தும்போதுதான் படத்தின் கோடுகளுக்குப் பாறையின் பெயர் கிடைக்கிறது. பளிச்சென்று தெரியும் இடமெல்லாம் எரிவாயு வயல் ஆகிவிடாது. பாறைத் துளைகளில் கொஞ்சம் வாயு இருந்தாலே ஒலி வேகம் வெகுவாகக் குறையும். அதை நம்பித் தோண்டி ஏமாந்த கிணறுகள் உண்டு.

இவற்றில் பல அளவீடுகளை கேசிங் குழாய் இறக்குவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். இரும்புக் குழாயும் சிமென்டும் அடைத்த பிறகு அதே தரத்தில் மீண்டும் எடுக்க வழியில்லை. திரும்பக் கிடைக்காத இந்தப் பதிவு ஒரு நிறுவனத்தின் அலமாரிக்குள் முடங்குவது பெரும் இழப்பு. பணம் போட்டவர்கள் சில ஆண்டுகள் ரகசியம் காப்பது நியாயம். அதற்கு ஒரு கெடு வேண்டும்.

நெதர்லாந்து சட்டம் அந்தக் கெடுவை ஐந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறது. அதன் பிறகு பதிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தோண்டிய பழைய கிணறுகளின் பதிவுகள், பசுமைக் குடில்களைச் சூடாக்க நிலத்தடி வெந்நீர் தேடுகிறவர்களுக்கு இன்று அங்கே கைகொடுக்கின்றன. வடகடலின் நார்வே பகுதியில் 2008 முதல் 2016 வரை இயங்கிய வோல்வே வயலின் தரவுகளை, சுமார் 40,000 கோப்புகளை, ஈக்வினார் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. உலகெங்கும் மாணவர்கள் அவற்றை வைத்துப் பயில்கிறார்கள்.

இந்தியாவும் 2017இல் தேசியத் தரவுக் களஞ்சியத்தைத் தொடங்கியது. காவிரிப் படுகையில் 1960கள் முதல் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டு வருகின்றன. கெடு கடந்த அந்தப் பதிவுகளைத் தஞ்சாவூரிலோ காரைக்காலிலோ நிலவியல் படிக்கும் மாணவரும், கடலோரத்தில் உப்புநீர் ஏறுவதை ஆராய்பவரும் கட்டணமின்றிப் பெற வேண்டும். காகிதச் சுருளாக மட்டுமே கிடக்கும் பழைய பதிவுகளை எண்ணாக்கும் வேலைக்கு அரசு முதலில் பணம் ஒதுக்கட்டும்.