கொடைக் குருதியும் குருதிக் காப்பும்: ஒரு மறுப்பு

குருதிக் கொடையைப் பற்றி எம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. முதலில், தான் செய்த புண்ணியம் அனைத்தையும் தன் குருதியினாலேயே தாரைவார்த்த கர்ணன் வருவான். அடுத்து, ஆங்கில நூலறிவு உடையோர் எழுதியதாயின், பேராசிரியர் றிச்சட் ரிற்மஸ் வருவார். முடிவில், விலைக்கு விற்ற குருதி நஞ்சென்றும் விரும்பி ஈந்த குருதி அமுதமென்றும் தீர்ப்பு வழங்கப்படும். கர்ணனோடு எனக்குப் பிணக்கில்லை. ரிற்மஸோடும் பெரிதாக இல்லை. தீர்ப்போடுதான் பிணக்கு. அஃது அரை உண்மை. அவ்வரை உண்மையைத் தேசியப் பெருமையாகவே கொண்டிருந்த பிரித்தானியாவில், 1970களிலும் 1980களிலும் 30,000 இற்கு மேற்பட்டோர் வைத்தியசாலையில் ஏற்றப்பட்ட குருதியாலும் குருதியிலிருந்து ஆக்கப்பட்ட மருந்துகளாலும் ஈரலழற்சி வைரசுக்கோ எச்.ஐ.வி. வைரசுக்கோ ஆளாயினர். ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். 2024 மே 20 இல் வெளிவந்த சேர் பிறயன் லாங்ஸ்ராவ் விசாரணை அறிக்கை, இவ்வழிவு ஒரு தற்செயல் விபத்தன்று என முடிவுசெய்தது.

ரிற்மஸ் உண்மையில் யாது கூறினார் என்பதை முதலில் நோக்குதல் முறையாகும். இலண்டன் பொருளியற் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கிய அவர், 'கொடை உறவு' எனப் பொருள்படும் தமது நூலை 1970 இல் வெளியிட்டார். பணத்துக்காகக் குருதி விற்பவன் தன் நோயை மறைத்தற்குக் காரணமுடையவன். பயன் கருதாது ஈபவனுக்கு அக்காரணம் இல்லை. ஆகவே குருதிச் சந்தை அறத்தை மட்டுமன்றிக் காப்பையும் கெடுக்கும் என்பது அவர் வாதம். பொருளியலறிஞர் கெனத் அறோ 1972 இல் இதனை மறுத்தெழுதினார்: விற்பதற்கு வழி திறந்தமையால், ஈய விரும்புபவனின் உரிமை எவ்வாறு குறையும் என்பது அவர் கேள்வி. கூர்மையான கேள்விதான். எனினும் காப்பைப் பொறுத்தவரை ஆய்வுகூடம் ரிற்மஸின் பக்கமே நின்றது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்திலே ஹாவி ஓல்ற்றரும் அவர்தம் குழுவினரும் இருதய சத்திரசிகிச்சைக்காகக் குருதி பெற்ற நோயாளரைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 30 இற்கு மேற்பட்டோருக்கு ஈரலழற்சி தோன்றியது. 1970 அளவில் விலைக்குருதி நிறுத்தப்பட்டு, அன்று கிடைத்த ஈரலழற்சி பீ சோதனையும் புகுத்தப்பட்டபோது, அத்தொகை நூற்றுக்குச் சுமார் 10 ஆக வீழ்ந்தது. இதே ஓல்ற்றர் பிற்காலத்தில் ஈரலழற்சி சீ பற்றிய ஆய்வுக்காக 2020 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் இவ்விடத்திலேதான் எம்மவர் வாசிப்பு வழிதவறுகின்றது. ரிற்மஸ் கூறியது உண்மை பேசுதலைப் பற்றி. எம்மவர் விளங்கிக்கொண்டதோ குருதியின் தூய்மையைப் பற்றி. ஈகைக்குணம் செங்குழியத்திலே கலந்திருப்பதன்று. நோயுண்டென்று தானே அறியாத நல்லவன் ஒருவன், கேட்ட வினாக்கள் அனைத்துக்கும் மெய்யே உரைத்துவிட்டு, மெய்யாகவே நஞ்சை ஈந்து செல்லல் கூடும். ஓல்ற்றரின் ஆய்விலே எஞ்சிய அந்த நூற்றுக்குப் பத்து எங்கிருந்து வந்தது? கொடையாளரிடமிருந்தே வந்தது. இக்கேள்வியை எம் கட்டுரைகளுள் ஒன்றேனும் எழுப்பியதை நான் கண்டிலேன்.

இனிப் பிரித்தானியாவின் கதைக்கு வருவோம். ஈமோபீலியா எனப்படும் குருதியுறையா நோயினருக்குக் குருதியின் எட்டாம் உறைதற்காரணி குறைவு. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்க விஞ்ஞானி ஜூடித் பூல் அம்மையார், குருதித் திரவவிழையத்தை (பிளாஸ்மாவை) உறையச் செய்து மெல்ல இளகவைத்தால் அக்காரணி வீழ்படிவாகத் திரளும் எனக் காட்டினார். இக்குளிர்வீழ்படிவு ஒரு கொடையாளரின் குருதியிலிருந்து, அல்லது சிலரின் குருதியிலிருந்து பெறப்படுவது. பின்னர் உலர்செறிவு மருந்து வந்தது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தாமே ஊசியேற்றக்கூடிய மருந்து. நோயாளர் அதனை வரவேற்றமை இயல்பே. ஆயினும் அதன் ஒரு தொகுதியை ஆக்குதற்கு ஆயிரக்கணக்கானோரின், சிலபோது பதினாயிரக்கணக்கானோரின் திரவவிழையம் ஒரே கலத்திற் கலக்கப்பட்டது. அக்கலத்திலே ஒருவர் குருதியில் வைரசு இருந்தாலே போதும்.

தன் நாட்டிற் குருதி விற்கப்படுவதில்லை என மார்தட்டிய பிரித்தானியா, 1973 முதல் இச்செறிவை அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய அனுமதியளித்தது. அங்கே திரவவிழையம் பணங்கொடுத்துத் திரட்டப்பட்டது, சிறைக்கூடங்களிலிருந்தும் திரட்டப்பட்டது. உள்ளூரிற் கொடை, வெளியூரிற் கொள்முதல். 1975 இல் உலக சுகாதார மன்றம் ஊதியம் பெறாக் கொடையை வளர்க்குமாறு நாடுகளைக் கேட்டது. அதே ஆண்டில் சுகாதார அமைச்சர் டேவிட் ஓவன் எட்டாம் காரணியில் தன்னிறைவு காண்பதற்கென 5 இலட்சம் பவுண் ஒதுக்குவதாக அறிவித்தார். தன்னிறைவு வந்திலது. 1982 ஜூலையில், குருதியுறையா நோயினர் மூவருக்குப் பின்னர் எயிட்ஸ் எனப் பெயர்பெற்ற நோயின் குறிகள் தோன்றியதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்டது. 1983 மேயில் இங்கிலாந்தின் தொற்றுநோய்க் கண்காணிப்பு நிலையத் தலைவர் ஸ்பென்ஸ் கால்பிறெய்த், 1978 இற்குப் பின்னர் பெற்ற அமெரிக்கக் குருதியிலிருந்து ஆக்கிய செறிவை மீளப்பெறுமாறு அரசுக்கு எழுதினார். மீளப்பெறப்படவில்லை. குருதியுறையா நோயினருள் ஏறத்தாழ 1,250 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர், அவருள் 380 பேரளவில் சிறுவர்.

அச்சிறுவர் பலர் கல்விகற்ற ரிறெலோர் கல்லூரியைப் பற்றிச் சில சொற்கள் கூறாது செல்லல் இயலாது. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கென அமைந்த அவ்விடுதிப் பாடசாலையிலேயே குருதியுறையா நோய்க்கான சிகிச்சை நிலையமும் இருந்தது. 1970 தொடக்கம் 1987 வரை அந்நோயுடைய 122 மாணவர் அங்கே பயின்றனர். இன்று எஞ்சியோர் 30 பேரளவினரே. சிகிச்சையோடு ஆய்வும் நடந்ததென்றும், பிள்ளைகளும் பெற்றோரும் அதனை உரியவாறு அறிந்து இசையவில்லை என்றும் விசாரணை கண்டது. முன்னர் செறிவுமருந்து பெறாத நோயாளரே புதிய மருந்தின் தொற்றுத்தன்மையை அளத்தற்கு உகந்தவர் என்னும் எண்ணம் அக்கால வைத்திய நிபுணர் சிலரிடம் இருந்தது. ஆய்வு முறையியலின்படி பிழையற்ற எண்ணந்தான்! பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ஆய்வு, ஆய்வு என்று ஓயாது பேசும் நாம் இவ்வாக்கியத்தைச் சற்று நின்று வாசித்தல் நன்று.

'அமெரிக்க விலைக்குருதியால் விளைந்த கேடன்றோ இது? ரிற்மஸின் கூற்றுத்தானே மெய்ப்பட்டது?' என நண்பர் வினவலாம். இவ்வினாவை எதிர்பார்த்தே இக்கட்டுரையைத் தொடங்கினேன். எடின்பரோவிலே 1984 இல் நோயாளர் சிலருக்கு எச்.ஐ.வி.யைக் கொணர்ந்த மருந்துத் தொகுதி, ஸ்கொத்லாந்தின் உள்ளூர்க் கொடையாளரின் குருதியிலிருந்தே ஆக்கப்பட்டது. பிரித்தானியச் சிறைகளிலும் 1984 வரை குருதி பெறப்பட்டு வந்தது. கைதிகளுக்கு எவரும் காசு கொடுக்கவில்லை. ஆகவே அதுவும் ஏட்டளவிற் கொடையே. அவர்களிடையே ஈரலழற்சி மிகுதி என்பது பத்தாண்டுக்கு முன்னரே தெரிந்திருந்தது. எல்லாவற்றினும் பெரிய எண் இன்னொன்றுண்டு: 1970 இற்கும் 1991 இற்கும் இடையில் சாதாரணமாகக் குருதி ஏற்றப்பட்டதனால் ஈரலழற்சி சீ தொற்றியோர் ஏறத்தாழ 26,800 பேர் என விசாரணையின் புள்ளிவிபரக் குழு மதிப்பிட்டது. மகப்பேற்றின்போதும் விபத்தின்போதும் சத்திரசிகிச்சையின்போதும் அவர்கள் பெற்ற குருதி அமெரிக்காவிலிருந்து வந்ததன்று. விரும்பி ஈந்த அயலவரின் குருதி. அவ்வைரசு 1989 இல் இனங்காணப்பட்டது. யப்பான் அவ்வாண்டிலேயே கொடைக்குருதியைச் சோதிக்கத் தொடங்க, பிரித்தானியா 1991 செப்ரெம்பர் வரை தாமதித்தது. எம் கொடையாளர் நல்லவர் என்னும் நம்பிக்கை அத்தாமதத்துக்கு மெத்தையாயிற்று என்பது என் துணிபு.

மறுகரையில் நிற்போருக்கும் ஒரு சொல். வைரசை அழிக்கும் முறைகள் வந்துவிட்டன, மரபணுச் சோதனைகள் வந்துவிட்டன, இனிக் குருதியை விலைக்கு வாங்கினால் என்ன என்பர் சிலர். திரவவிழைய மருந்துகளைப் பொறுத்தவரை அவர் கூற்றிற் பெரிதும் உண்மையுண்டு. வெப்பமூட்டலும் பிற செயன்முறைகளும் அவற்றைப் பாதுகாப்பாக்கிவிட்டன. உலகம் பயன்படுத்தும் திரவவிழையத்தின் பெரும்பங்கு இன்றும் அமெரிக்காவில் விற்போரிடமிருந்தே பெறப்படுகின்றது. ஆயின் செங்குழியத்தை அவ்வாறு சூடாக்க முடியாது. தொற்றிய நாளுக்கும் சோதனை அதனைக் காட்டும் நாளுக்கும் இடையில் ஓர் இருட்டு இடைவெளி உண்டு. பல வாரங்களாக இருந்த அவ்விடைவெளியை மரபணுச் சோதனை சில நாட்களாகச் சுருக்கியது, முற்றாக மூடவில்லை. அவ்விருட்டில் நோயாளியைக் காப்பது கொடையாளர் கூறும் உண்மை ஒன்றே. எனவே காசுக்கு எதிரான ரிற்மஸின் வாதம் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றது. நான் கேட்பது வேறு: உண்மையை மறைக்கத் தூண்டுவது காசு ஒன்றுதானா?

இலங்கையில் இன்று குருதி தன்னார்வக் கொடையாகவே பெறப்படுகின்றது. இது பெருமைக்குரியதே. ஆனால் எமது கல்விநிலையங்களில் இரத்ததான முகாம்கள் நடைபெறும் முறையை எண்ணிப்பார்க்க வேண்டும். மாணவனாயிருந்த காலத்தில் ஒரு முகாமிலே நானும் தொண்டனாக நின்றேன். பீடத்துக்குப் பீடம் போட்டி. மாலைக்குள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கரும்பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. வினாப்பத்திரத்தை நண்பர்கள் வட்டமாய் அமர்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி நிரப்பினர். பாலுறவைப் பற்றியும் மஞ்சட் காமாலையைப் பற்றியும் கேட்கும் வினாக்களுக்கு, தோழன் தோளுக்குமேல் எட்டிப்பார்க்கையில் எவன் மெய்யெழுதுவான்? ஒரு மாணவன் மேசைவரை வந்து தயங்கித் திரும்பினான். 'பயந்தாங்கொள்ளி' என்று கூவினோம். நானுங்கூடக் கூவினேன். அவன் மீண்டும் வந்து கையை நீட்டினான். திரும்பியதற்கு அவனுக்கிருந்த காரணத்தை நாங்கள் கேட்கவில்லை. காசு கொடாமலே அவன் வாயை அடைத்துவிட்டோம்.

ஆகவே எமது சங்கம் அடுத்த முகாமை ஒழுங்குசெய்யும்போது கரும்பலகைக் கணக்கை விட்டுவிடட்டும். வினாப்பத்திரம் தனியறையில் நிரப்பப்படட்டும். கொடுக்காது திரும்புபவருக்கும் கொடுத்தவருக்கு வழங்கும் அதே தேநீரும் அதே நன்றியும் வழங்கப்படட்டும். யார் கொடுத்தார், யார் கொடுத்திலர் என்பதை வைத்தியக் குழுவினரன்றி வேறெவரும் அறிதல் ஆகாது. குருதி ஈந்து வீடுசென்ற பின்னர் மனம் உறுத்தி, 'என் குருதியைப் பயன்படுத்தாதீர்' என்று சொல்ல விரும்புபவருக்கு ஒரு தொலைபேசி இலக்கம் வேண்டும். அவ்விலக்கம் சுவரொட்டியிலே பிரதம விருந்தினரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிடப்படுதல் வேண்டும்.