ஊரும் உலகமும்: வெங்காயத் தறையும் கைத்தொலைபேசியும்



இம்முறை நான் விட்ட பிழை ஒன்றில் இருந்து தொடங்குகிறேன்.

ஊரில் தம்பியின் தோட்டத்தில் வெங்காயத் தாள் முறுகத் தொடங்கியது. அவன் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினான். ஸ்காபரோவில் இரவு வேலை முடித்து வந்த நான், இணையத்தில் யாரோ பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது பூச்சி, உடனே மருந்தடி" என்று சொல்லிக் காசும் அனுப்பினேன். இரண்டு கிழமையில் பாதித் தறை அழிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்து காட்டினார்கள். அவர் வரம்பில் குந்தியிருந்து நாலைந்து பூண்டைப் பிடுங்கிப் பார்த்து, அது பங்கசு நோய் என்றார். தம்பி என்னைக் கோபிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் படத்தைப் பார்த்தியள். அவர் தறையைப் பார்த்தார்" என்று மட்டும் சொன்னான்.

அந்தச் சொல் மனதை உறுத்தியது. அப்படியானால் கமத்துக்குக் கொம்பியூட்டரும் தொலைபேசியும் உதவாதா? உதவும். ஆனால் எப்படி என்பதற்குப் புதுச்சேரிக் கிராமங்களில் நடந்த ஒரு முயற்சி நல்ல பாடம். எங்கள் கனடாவுக்கும் அதில் பங்கு உண்டு.

1998இல் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பண உதவி செய்தது ஒட்டாவாவில் உள்ள சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையம். வில்லியனூரில் நடுநிலையம் இருந்தது. ஆங்கிலத்தில் கிடைத்த செய்திகளை அங்கே தமிழாக்கி, வானொலிக் கருவிகள் மூலம் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மின்சாரம் நின்றுபோகும் இடங்களில் சூரிய ஒளியால் கருவிகளை இயக்கினார்கள். நிலையத்துக்கு இடம் கொடுக்க வேண்டியது ஊர் மக்களின் பொறுப்பு. எந்தச் சாதியாரும் தடையின்றி உள்ளே வரலாம் என்பது நிபந்தனை.

அங்கே கொம்பியூட்டர் தானாக எதையும் செய்துவிடவில்லை. பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள்தான் பெரும்பாலும் நிலையங்களை நடத்தினார்கள். விதை விலை, பயிர் நோய், அரசாங்க உதவி என்று சனம் கேட்டதைத் தேடிச் சொன்னார்கள், கரும்பலகையில் எழுதி வைத்தார்கள். மீனவக் கிராமங்களுக்கு வேறு தேவை. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது.

2004 டிசெம்பர் 26 அன்று அதன் பெறுமதி தெரிந்தது. நல்லவாடு என்ற மீனவக் கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். சுனாமிச் செய்தியைக் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். ஊரார் தகவல் நிலையத்து ஒலிபெருக்கியில் அறிவித்துச் சனத்தை அப்புறப்படுத்தினார்கள். வீடுகளும் வள்ளங்களும் போயின. ஊரில் இருந்த ஏறத்தாழ 3,600 பேரில் ஓர் உயிரும் போகவில்லை.

வெளிநாட்டில் இருந்து போன ஒரே ஒரு அழைப்பு! நானும் ஓர் அழைப்புத்தான் எடுத்தேன். அவர் தான் கண்டதை மட்டும் சொன்னார், என்ன செய்வதென்று ஊர் தீர்மானித்தது. நானோ காணாததைக் கண்டதுபோல் சொன்னேன்.

புதிதாக வந்து குடியேறியிருக்கும் உறவுகளே, ஊரில் கமம் செய்யும் தகப்பனுக்கோ சகோதரனுக்கோ உதவ விரும்புகிறீர்களா? படம் வந்தால், "போதனாசிரியருக்குக் காட்டினியளோ?" என்று முதலில் கேளுங்கள். இலங்கை விவசாயத் திணைக்களத்துக்கு 1920 என்ற ஆலோசனை இலக்கம் உண்டு. தமிழிலும் பேசலாம். கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு போதனாசிரியர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியவர். எல்லாத் தறைக்கும் ஒரே நாளில் அவரால் போக முடியாது. இலையின் இரு பக்கமும், தண்டும், முழுத் தறையும் தெரியும்படி தெளிவான படங்களை அனுப்பினால், எங்கே முதலில் ஓட வேண்டும் என்று அவருக்கு விளங்கும். காசு அனுப்புவதானால், ஊரில் பத்துக் கமக்காரர் சேர்ந்து பாவிக்க ஒரு நல்ல கைத்தொலைபேசி வாங்கிக் கொடுங்கள்.

மருந்தின் பெயரை மட்டும் இங்கிருந்து சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பட்டது போதும்.

இந்த முறை தம்பி நடுகைக்கு முன்னரே போதனாசிரியரிடம் போய் வந்துவிட்டான். நான் சுகம் மட்டும் விசாரித்தேன்.